மணி அடித்தால் எத்தனை நிமிஷம்?

ஒரு பனையோலைக் குடிசை தீப்பிடித்துச் சாம்பலாக எவ்வளவு நேரம் ஆகும்? இதற்கு எஞ்சினீயரைக் கேட்க வேண்டியதில்லை. கடையம் பக்கத்தில் எந்தக் கிராமத்திலும் வயதான ஒரு தாயைக் கேளுங்கள், சொல்லிவிடுவாள். அடுப்பிலிருந்து பறந்த பொறி ஓலையில் ஏறிவிட்டால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடத்தான் நேரம் உண்டு. ரேஷன் கார்டு, பட்டா, சீட்டுப் போட்டுச் சேர்த்த கம்மல், பீடிக் கணக்குப் புத்தகம் எல்லாம் உள்ளேதான். அவற்றை எடுக்கத் திரும்பி ஓடுகிறவர்கள்தான் பெரும்பாலும் கருகிப்போகிறார்கள். ஆடி மாசம் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றும் சேர்ந்துகொண்டால் ஒரு குடிசையோடு நிற்காது. வரிசை முழுவதும் போகும்.

இந்தக் கணக்கு சர்க்காருக்குத் தெரியாததல்ல. தகவல் கிடைத்ததும் நகரங்களில் 5 முதல் 7 நிமிஷத்துக்குள்ளும், கிராமங்களில் 20 நிமிஷத்துக்குள்ளும் தீயணைப்பு வண்டி போய்ச் சேரவேண்டும் என்று மத்திய சர்க்காரின் தீயணைப்பு ஆலோசனைக் குழு அளவு வகுத்து வைத்திருக்கிறது. நகரத்தில் 10 சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், கிராமப்புறத்தில் 50 சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்பதும் அதே அளவுதான். 50 சதுர கிலோமீட்டர் என்றால் என்ன? நீளம் ஏழு, அகலம் ஏழு கிலோமீட்டர். அவ்வளவுதான். தென்காசிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே ரோடு முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. சர்க்கார் வகுத்த அளவுப்படி பார்த்தால் அந்த ஒரு ரோட்டிலேயே நான்கு நிலையங்களாவது கண்ணில் படவேண்டும். பஸ்ஸில் போகிற தோழர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கலாம்.

இப்போது இந்தப் பேச்சு எதற்கு வந்தது என்றால், நகரங்களின் நடுவே, கடைவீதிகளிலும் பஜார்களிலும் புதிய தீயணைப்பு நிலையங்கள் வேண்டும் என்ற கோரிக்கை பல ஊர்களில் எழுந்துகொண்டிருக்கிறது. வியாபாரிகள் கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கைதான். ஆனால் நம்முடைய ஆட்களே சிலர் இதைக் கேட்டு உதட்டைப் பிதுக்குகிறார்கள். விக்கிரமசிங்கபுரம் ஆலையில் வேலை பார்க்கும் ஒரு தோழர் டீக்கடையில் என்னிடம் சொன்னார்:

"அண்ணாச்சி, கடைவீதி எரிஞ்சா முதலாளிக்கு இன்சூரன்ஸ் வரும். எங்க வளவு எரிஞ்சா தாசில்தார் வந்து ரெண்டு சேலையும் அரிசியும் குடுத்துட்டுப் போவாரு. அவன் ஸ்டேஷனுக்கு நாம எதுக்கு மகஜர் எழுதணும்?"

கேள்வியில் இருக்கும் கோபம் நியாயமானது. முடிவுதான் சரியில்லை. ஏன் என்று பார்ப்போம்.

கடைவீதியில் படுத்திருப்பது யார்?

கடைவீதி என்றால் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி மட்டுமா? பகல் முழுவதும் நின்றுகொண்டே துணி மடிப்பவர் யார்? மூட்டை தூக்குகிறவர் யார்? கடை அடைத்த பிறகு மேல்மாடியில், சரக்குக் கட்டுகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுப்பவர் யார்? சென்னை தியாகராய நகரின் பெரிய கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளில் பெரும் பகுதி நெல்லை, தென்காசி, தூத்துக்குடி ஜில்லாக்களிலிருந்து போனவர்கள் என்பது ஊரறிந்த விஷயம். வானம் பார்த்த நிலத்திலும் பீடித் தட்டிலும் வயிறு நிரம்பாமல்தான் ரயில் ஏறினார்கள்.

2008 செப்டம்பர் 1-ந்தேதி ரங்கநாதன் தெருவில் ஒரு பெரிய கடையில் தீப்பிடித்தது. மாண்டவர்கள் இரண்டு பேர். இருவரும் கடை ஊழியர்கள். 2017 மே 31-ந்தேதி விடியற்காலையில் அதே தியாகராய நகரில் உஸ்மான் ரோட்டு ஜவுளிக் கடை ஒன்று பற்றிக்கொண்டது. ஏழு மாடிக் கட்டடம். அனுமதித்ததற்கு மேலே மாடி எழுப்பியிருந்தார்கள் என்ற உண்மை எரிந்த பிறகுதான் சபைக்கு வந்தது. ஒரு நாளைக்கு மேல் எரிந்தது. சுற்றிலும் வண்டி திரும்ப இடமில்லை, ஏணி சாய்க்க இடமில்லை, ஜன்னல் இல்லாத சுவர். மேல்மாடியில் சிக்கிய ஊழியர்களைத் தீயணைப்பு வீரர்கள் இறக்கியதால் அன்று உயிர்ச்சேதம் தப்பியது. பிற்பாடு அந்தக் கட்டடத்தை இடிக்கும் வேலையில் ஒரு தொழிலாளி உயிர் போயிற்று. ஆக, கடைவீதியில் தீப்பிடித்தால் சரக்கு முதலாளியுடையது, உயிர் நம்முடையது.

டில்லிக்குப் போனாலும் இதே கதைதான். 2019 டிசம்பர் 8-ந்தேதி, ராணி ஜான்சி ரோட்டை அடுத்த அனாஜ் மண்டி என்ற நெரிசலான பஜார். வீடு என்று பெயர், உள்ளே தொழிற்சாலை. வேலை செய்த இடத்திலேயே படுத்து உறங்கிக்கொண்டிருந்தார்கள் பீஹாரிலிருந்து வந்த ஏழை ஜனங்கள். சந்து குறுகல். வண்டிகள் உள்ளே நுழைய முடியவில்லை. வீரர்கள் நடந்து போய், மயங்கிக் கிடந்தவர்களைத் தோளில் சுமந்து வந்தார்கள். அப்படியும் 43 பேர் மாண்டார்கள். தலைநகரம்தான், நிலையங்களும் இருந்தனதான். ஆனால் சந்துக்குள் போகக்கூடிய சிறிய வண்டி இல்லை, வெளியேறப் போதிய வழி இல்லை, வந்து பரிசோதித்த அதிகாரி இல்லை.

ஆலைத் தோழர்களுக்கு இன்னொன்றையும் நினைவூட்டவேண்டும். நூறு வருஷத்துக்கு முந்தியது என்றாலும் மறக்கக்கூடாதது. 1911 மார்ச் 25-ந்தேதி, அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தின் நடுவே டிரையாங்கிள் என்ற சட்டை தைக்கும் தொழிற்சாலை எரிந்தது. 8, 9, 10-வது மாடிகளில் வேலை. தீயணைப்பு வண்டிகள் சீக்கிரமே வந்துவிட்டன. ஏணியைத் தூக்கினார்கள். ஏணி ஆறாவது மாடியோடு நின்றுவிட்டது! வெளியேறும் கதவு ஒன்றைப் பூட்டி வைத்திருந்தார்கள். எதற்கு? பெண் தொழிலாளர் துணித் துண்டைத் திருடிக்கொண்டு போய்விடுவார்களாம். 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள், அதிலும் பிழைப்புத் தேடி வேறு தேசத்திலிருந்து வந்தவர்கள். ஆட்கள் உள்ளே இருக்கும்போது கதவைப் பூட்டக் கூடாது என்று நம் நாட்டில் 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதினார்கள் என்றால், அந்த ஒரு வரிக்குப் பின்னால் இத்தனை பிணங்கள் இருக்கின்றன.

ஆகவே கடைவீதிக்கு நிலையம் வேண்டும் என்ற கோரிக்கையை வியாபாரியின் கோரிக்கை என்று ஒதுக்கிவிடக்கூடாது. நாம் அதைக் கையில் எடுக்கவேண்டும். எடுத்தால்தான், எதை அளவாக வைத்து நிலையம் கட்டுவது என்ற கேள்வியையும் நாம் போட முடியும். சரக்கின் விலையை அளவாக வைப்பதா, ஆட்களின் எண்ணிக்கையை அளவாக வைப்பதா?

சொத்துக்காகப் பிறந்த படை

இந்தக் கேள்வி புதிதல்ல. ரோமாபுரியில் கிராசஸ் என்று ஒரு பெரும் பணக்காரன் இருந்தான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய ஆள். வீடு பற்றி எரியும்போது அங்கே போய் நிற்பான். எரிகிற வீட்டையும் பக்கத்து வீட்டையும் அடிமாட்டு விலைக்குக் கேட்பான். பயத்தில் சொந்தக்காரன் விற்றுவிடுவான். கட்டட வேலை தெரிந்த 500 அடிமைகளை வைத்திருந்தான் கிராசஸ். அவர்களை வைத்துத் திரும்பக் கட்டிக்கொள்வான். இப்படியே ரோமாபுரியில் பெரும் பகுதி அவன் கைக்கு வந்தது என்று புளூடார்க் என்ற சரித்திர ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். இன்றும் சேரி எரிந்த மறுவாரம் அந்த இடத்தில் அளவுக் கல் நடுகிறவர்களைப் பார்த்தால் கிராசஸ் செத்துவிட்டான் என்று நம்பத் தோன்றவில்லை.

பிறகு கி.பி. 6-ம் ஆண்டில் அகஸ்டஸ் சக்கரவர்த்தி ஒரு படை அமைத்தான். நகரம் 14 வட்டாரம். இரண்டு வட்டாரத்துக்கு ஒரு பிரிவு என்று ஏழு பிரிவு. விடுதலை பெற்ற அடிமைகள்தான் ஆட்கள். ராத்திரி வாளியும் கோடாலியுமாய்த் தெருத்தெருவாகச் சுற்றுவார்கள். சக்கரவர்த்திக்கு ஜனங்கள் மேல் பிரியம் என்று யாரும் நினைக்கவேண்டாம். நகரம் எரிந்தால் கலகம் வரும் என்ற பயம்தான். இருந்தாலும் யோசனையைக் கவனியுங்கள்: நகரம் முழுவதையும் பங்கு பிரித்து, ஒரு பங்கும் விடாமல் ஆள் போட்டிருக்கிறான். வண்டியும் டெலிபோனும் இல்லாத காலத்தில்!

லண்டனில் நடந்தது வேறு. 1666-ல் அந்த நகரம் பெருந்தீயில் வெந்துபோன பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிகள் முளைத்தன. கம்பெனிகள் தங்கள் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் தனித்தனியே தீயணைக்கும் ஆட்களை வைத்துக்கொண்டன. இன்சூர் செய்த வீட்டுச் சுவரில் கம்பெனியின் முத்திரைத் தகடு அடித்திருக்கும். அந்த ஆட்கள் இருந்ததன் நோக்கமே இன்சூர் செய்த சொத்துதான். தகடு இல்லாத ஏழையின் குடியிருப்பைக் காக்க எந்தக் கம்பெனியும் சம்பளம் கொடுத்து ஆள் வைப்பதில்லை. பிற்பாடு கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து ஒரே படையாக நடத்தின. 1861-ல் தேம்ஸ் நதிக்கரையில் டூலி தெருக் கிடங்குகள் நாள்கணக்கில் எரிந்தன. படைத் தலைவர் பிரெய்ட்வுட் சுவர் இடிந்து விழுந்து அங்கேயே மாண்டார். நஷ்டத்தைப் பார்த்துத் திகைத்த கம்பெனிகள், இனி எங்களால் ஆகாது, சர்க்காரே நடத்தட்டும் என்று கை விரித்தன. 1865-ல் சட்டம் வந்தது. 1866 ஜனவரி முதல் பொதுச் செலவில் படை. லாபம் இருந்தவரை கம்பெனிச் சொத்து, லாபம் போனதும் பொதுப் பொறுப்பு! எப்படியோ, வந்தது நல்லதே. தீயணைப்பது ஒரு வியாபாரமாக இருக்க முடியாது என்பதை முதலாளிகளே அன்று ஒப்புக்கொண்டார்கள்.

நம் ராஜதானியில் சென்னைத் தீயணைப்புப் படை 1908-ல் ஆரம்பித்தது. வெள்ளைக்காரனுடைய துறைமுகமும் கிடங்கும் பஜாரும் இருந்த இடம் அது. தஞ்சாவூர்க் குடிசைக்கோ பொதிகை அடிவாரத்துக்கோ அப்போது யாரும் வண்டி யோசிக்கவில்லை. இன்று தமிழ்நாட்டில் முந்நூறுக்கு மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. இது சும்மா வந்ததல்ல. ஒவ்வொரு ஊரும் எரிந்து எரிந்து கேட்டதால் வந்தது.

மூடியவர்களின் கதை

அதே லண்டனில் இன்னொரு வேடிக்கை நடந்தது. 2014 ஜனவரி 9-ந்தேதி, ஒரே நாளில் பத்துத் தீயணைப்பு நிலையங்களை மூடினார்கள். செலவைக் குறைக்கவேண்டுமாம். போரிஸ் ஜான்சன் மேயராக இருந்த காலம். 552 தீயணைப்பு வேலைகள் போயின, 14 வண்டிகள் போயின. மூடியவற்றில் வெஸ்ட்மின்ஸ்டர், சதர்க் போல நகரின் நடுப்பகுதி நிலையங்களும் உண்டு. 1872-ல் திறந்து, பிரிட்டனிலேயே மிகப் பழையது என்று பெயர் பெற்ற கிளார்க்கன்வெல் நிலையமும் அதில் ஒன்று. தீயணைப்புத் தொழிலாளர் சங்கம் தெருவில் நின்று எதிர்த்தது. கேட்பாரில்லை.

மூன்றரை வருஷம் கழித்து, 2017 ஜூன் 14-ந்தேதி, லண்டன் மேற்கே கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பு எரிந்தது. வாடகைக்கு இருந்த உழைக்கும் ஜனங்கள், பிற தேசங்களிலிருந்து வந்தவர்கள். 72 பேர் மாண்டார்கள். நிலையங்களை மூடியதால்தான் இது நடந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பொய்யாகும். முதல் வண்டிகள் சில நிமிஷத்திலேயே போய்விட்டன. ஆனால் கட்டடத்தின் வெளிப்புறம் முழுவதும் எரியக்கூடிய தகடு போர்த்தியிருந்தார்கள். குடியிருந்தவர்கள் முன்கூட்டியே எச்சரித்து எழுதியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லண்டன் படையிடம் போதிய உயரத்துக்கு ஏணி வண்டி இல்லை. பக்கத்து சர்ரே ஜில்லாவிலிருந்து வரவழைக்கவேண்டியதாயிற்று. நியூயார்க்கில் ஏணி எட்டாமல் போய் நூற்றாறு வருஷத்துக்குப் பிறகும் ஏணி எட்டவில்லை!

நம் வீட்டுக் கதையும் அதுதான். கும்பகோணம் பெரிய ஊர். ஊர் நடுவே காசிராமன் தெருப் பள்ளிக்கூடம். 2004 ஜூலை 16-ந்தேதி சத்துணவுச் சமையல் கூடத்துக் கூரையில் பிடித்த தீ, மேல்மாடி வகுப்பின் ஓலைக் கூரைக்குத் தாவியது. குறுகிய படிக்கட்டு. ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள். 94 குழந்தைகள். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. எவ்வளவு பக்கத்தில் நிலையம் இருந்தாலும், மாடியில் ஓலை வேய்ந்து, கீழே அடுப்பு மூட்டி, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அடைத்தால் வண்டி வருவதற்குள் முடிந்துவிடும். ஆகவே நிலையம் கேட்கும்போது அதோடு சேர்த்துக் கேட்கவேண்டியது பரிசோதனை. கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், ஆலை, ஜவுளிக் கடை, குற்றாலத்தில் சீசனுக்கு சீசன் தகரமும் மூங்கிலும் கட்டி காஸ் அடுப்பு வைக்கும் கடை வரிசை: இவற்றையெல்லாம் தீப்பிடிக்கும் முன்பே வந்து பார்க்கிற அதிகாரமும் ஆளும் அந்த நிலையத்துக்கு இருக்கவேண்டும். பார்த்துவிட்டு என்ன எழுதினார்கள் என்பதை வாசலில் ஒட்டவேண்டும். கையூட்டுக்கு அது கொஞ்சம் இடைஞ்சல்.

கிராமத்துக்குப் பட்டியலில் இடமில்லை

இனி ஆலைத் தோழர் கேட்டதற்கு வருவோம்: எங்க வளவு எரிந்தால்?

1992-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, பஞ்சாயத்துகளுக்கும் நகராட்சிகளுக்கும் என்னென்ன பொறுப்பு என்று இரண்டு பட்டியல் சேர்த்தார்கள். நகராட்சிக்கான பன்னிரண்டாவது அட்டவணையில் 18 விஷயங்கள். அவற்றில் தீயணைப்பு இருக்கிறது. பஞ்சாயத்துக்கான பதினோராவது அட்டவணையில் 29 விஷயங்கள். விவசாயம் உண்டு, மீன் வளர்ப்பு உண்டு, நூலகம் உண்டு, சந்தை உண்டு. தீயணைப்பு? தேடிப் பாருங்கள், இல்லை. கிராமத்தில் தீப்பிடிக்காது என்று நினைத்தார்களோ என்னவோ! தமிழ்நாட்டில் இந்தத் துறை மாநில சர்க்காரின் கையில் இருப்பதால் கிராமத்துக்கும் வண்டி வருகிறது. அந்த மட்டில் நல்லது. ஆனால் பட்டியல் எழுதியவர்களின் கண் எங்கே இருந்தது என்று இதிலிருந்து தெரிகிறது.

கிராமத்தில் எரிய என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் அறுவடை முடிந்து கடையம் வட்டாரத்துக்கு வரட்டும். வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் படப்பு. அதற்கு மேலே தொங்கும் மின்சாரக் கம்பி. முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். ஒரே அறையில் உலர்ந்த இலை, தூள், காஸ் அடுப்பு, தொட்டிலில் பிள்ளை. பங்குனி, சித்திரையில் மலையில் தீப்பிடித்தால் ராத்திரியில் சிவப்புக் கோடாகத் தெரிகிறது. அதை அணைக்கப் போகிறவர்கள் வனக் காவலர்களும் கூலிக்கு அழைத்துப்போகும் நம் ஆட்களும். கையில் ஆயுதம் பச்சைத் தழை. வண்டி மலை ஏறாது என்பது உண்மை. ஒரு பொறி அடிவாரத்தில் இறங்கினால் அங்கே யார் நிற்பது?

தீ என்று பேசும்போது கீழ்வெண்மணியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1968 டிசம்பர் 25-ந்தேதி இரவு, கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக, 44 பேரை ஒரு குடிசைக்குள் எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அது பிடித்த தீ அல்ல, வைத்த தீ. தீயணைப்பு நிலையத்தால் தீர்க்கக்கூடிய விஷயமும் அல்ல அது. ஆனால் அந்த இரவைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடிசைகள் இருந்த இடமும் மனசில் வரும். ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே. கூப்பிட்டால் கேட்காத தூரம். இன்றைக்கும் எத்தனை காலனிகளுக்குத் தீயணைப்பு வண்டி அகலத்துக்கு ரோடு இருக்கிறது? ஓடைப் பாலம் பளுவைத் தாங்குமா? பலவற்றில் வரப்பு மேலே பிணத்தைத் தூக்கிக்கொண்டு போவதற்கே தகராறு. வண்டி தென்காசியில் இருந்தாலும் அடுத்த தெருவில் இருந்தாலும் காலனி வாசலுக்கு வர வழி வேண்டும். நிலையத்துக்கு மனுப் போடும் அதே காகிதத்தில் ரோட்டையும் சேர்த்துப் போடவேண்டும்.

குடிசையே இல்லாத தமிழ்நாடு என்று 2024 பட்ஜெட்டில் சொன்னார்கள். 2030-க்குள் 8 லட்சம் வீடு, ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். வரவேற்கவேண்டியதே. ஆனால் கணக்கை மாற்றிப் படித்துப் பாருங்கள். 8 லட்சம் குடும்பங்கள் இன்னும் எரியக்கூடிய கூரைக்குக் கீழே இருக்கின்றன என்று சர்க்காரே எழுதிக் கொடுத்திருக்கிறது. அவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்ற விவரம் சர்க்காரிடம் இருக்கிறது. அந்தப் பட்டியலையும் தீயணைப்பு நிலையங்கள் இருக்கும் இடங்களின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அடுத்த நிலையம் எங்கே கட்டவேண்டும் என்று பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்லிவிடுவான்.

தென்காசிக் கோபுரத்தை எல்லோரும் அறிவார்கள். 1924-ல் தீயில் சிதைந்தது. ஒன்பது நிலைக் கோபுரமாக எழுப்பிக் குடமுழுக்கு நடந்தது 1990-ல். 66 வருஷம்! ஊர் நடுவே, எல்லோரும் கும்பிடும் கோபுரத்துக்கே அத்தனை காலம் என்றால், ஊருக்கு வெளியே எரிந்த கூரைக்கு எத்தனை காலம் காத்திருப்பது?

கட்டடம் மட்டும் போதாது

நிலையம் என்றதும் நம் மந்திரிகளுக்குக் கல்வெட்டு ஞாபகம் வருகிறது. சிவப்புப் பெயிண்ட், ரிப்பன், போட்டோ. பிறகு உள்ளே போய்ப் பார்த்தால் வண்டி உண்டு, ஓட்ட ஆள் விடுப்பில். அல்லது ஆள் உண்டு, வண்டி ஒர்க்‌ஷாப்பில். மூன்று ஷிப்டு வேலையை இரண்டு ஷிப்டு ஆளை வைத்து இழுக்கும் தந்திரத்தை ஆலைத் தொழிலாளிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

தண்ணீரும் அப்படித்தான். ஒரு தீயணைப்பு லாரியில் சுமார் 4,500 லிட்டர் பிடிக்கும். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் 300 குடம். பெரிதாகத்தான் தோன்றுகிறது. குழாயைத் திறந்துவிட்டால் சில நிமிஷத்தில் காலி. அடுத்த லோடு எங்கே? ஒரு காலத்தில் எங்கள் பக்கம் ஊருக்கு ஒரு குளம், தோட்டத்துக்கு ஒரு கிணறு. இப்போது குளத்தில் பாதி ஆக்கிரமிப்பு, மீதியில் சாக்கடை. கடைவீதிகளிலோ தெருக்குழாயில் வண்டிக்குத் தண்ணீர் பிடிக்கும் வசதியே கிடையாது. நிலையம் கட்டுகிற திட்டத்தில் தண்ணீர் எங்கே என்று ஒரு வரி இல்லையானால், அது லாரி நிறுத்தும் கொட்டகை.

ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1944 ஏப்ரல் 14-ந்தேதி பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகீன் என்ற கப்பல் வெடித்தது. பஞ்சுப் பேல், வெடிமருந்து, தங்கக் கட்டி எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றி வந்திருந்தார்கள். யுத்தகால அவசரமாம். அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். அந்த நாளைத்தான் வருஷா வருஷம் தீத்தொண்டு நாளாக அனுஷ்டிக்கிறார்கள். அது பழைய கதை என்றால், 2020 நவம்பர் 14, தீபாவளியன்று விடியற்காலம், மதுரைக் கடைவீதியில் ஒரு பழைய கட்டடத்து ஜவுளிக் கடை எரிந்தது. உள்ளே போய் அணைத்துக்கொண்டிருந்த இரண்டு வீரர்கள் சுவர் இடிந்து மாண்டார்கள். ஊர் முழுவதும் பட்டாசு கொளுத்திய நாளில் இரண்டு வீட்டில் பிணம். இவர்களும் நம்மைப் போலச் சம்பளத்துக்கு உழைப்பவர்கள். பாம்பு பிடிக்கவும், கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கவும், வெள்ளத்தில் ஆள் இழுக்கவும் இவர்களைத்தான் கூப்பிடுகிறோம். நல்ல முகமூடியும் பூட்ஸும் ஓய்வும் இவர்களுக்குக் கிடைக்கிறதா என்று கேட்பதும் நம் கோரிக்கையில் ஒரு பகுதியாக இருக்கவேண்டும்.

இடம் இல்லை என்ற பதில்

நகர நடுவே நிலையம் கேட்டால் உத்தியோகஸ்தர்கள் சொல்லும் முதல் பதில், இடம் இல்லை என்பது. பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒதுக்குகிறோம் என்பார்கள். நிலம் மலிவு, கட்டடம் விசாலம், எல்லாம் சரி. கடைவீதிக்கு வந்து சேர அரை மணி ஆகும் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். ஊர் நடுவே இருக்கும் பழைய சர்க்கார் மனைகளில் வணிக வளாகம் கட்டி ஏலம் விட இடம் கிடைக்கிறது. கார் நிறுத்த இடம் கிடைக்கிறது. தீயணைப்பு வண்டி இரண்டுக்குத்தான் கிடைக்காது! மனையின் விலை கோடிக்கணக்கில் என்கிறார்கள். விலை ஏறியதற்குக் காரணமே அங்கே ஜனங்கள் கூடுவதுதானே? ஜனங்கள் கூடும் இடத்தில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது?

அதே சமயம், கடைவீதி நிலையத்துக்குப் பணம் போட்டுவிட்டோம், கிராமத்துக்கு அடுத்த வருஷம் பார்ப்போம் என்ற பேச்சுக்கும் நாம் இடம் கொடுக்கக் கூடாது. நகரமா, கிராமமா என்று நம்மை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். ஊருக்கு 7 நிமிஷம், கிராமத்துக்கு 20 நிமிஷம் என்பது சர்க்காரே வகுத்த அளவு. இரண்டையும் சேர்த்தே கேட்போம். ரங்கநாதன் தெருவில் மகன், கடையத்தில் தாய். அந்தக் குடும்பத்தை எந்தக் கணக்கில் பிரிப்பது?

ஒரு சின்ன வேலையிலிருந்து தொடங்கலாம். செலவில்லாத வேலை. ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் வளவிலிருந்து, காலனியிலிருந்து, ஆலைக் குடியிருப்பிலிருந்து, கிட்டே உள்ள தீயணைப்பு நிலையம் எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்கவேண்டும். ஒரு மோட்டார் சைக்கிளில் கடிகாரத்தோடு போய்வாருங்கள். காலையில் ஒரு தடவை, சந்தை நாளில் ஒரு தடவை, ரயில்வே கேட் போட்டிருக்கும் நேரத்தில் ஒரு தடவை. போகிற வழியில் எந்தத் தெருவில் வண்டி திரும்பாது, எந்தப் பாலம் தாங்காது, எந்தக் குளத்தில் கோடையிலும் தண்ணீர் நிற்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்னை, திருப்பூர், கோவையில் கடைகளிலும் கம்பெனிகளிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் எழுதுங்கள்: நீ படுக்கும் இடத்துக்கு எத்தனை கதவு, ராத்திரி அதைப் பூட்டுகிறார்களா, சாவி யாரிடம்?

மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய தேதிகளில் கிராம சபை கூடுகிறது. குறித்து வைத்த கணக்கை அங்கே கொண்டுபோய் வாசித்துத் தீர்மானமாக்கி, நகலை ஜில்லா கலெக்டருக்கும் தீயணைப்புத் துறை ஜில்லா அதிகாரிக்கும் பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும். தீர்மான நோட்டில் நிமிஷத்தை எண்ணால் எழுதச் சொல்லுங்கள். கிளார்க் "விரைவில்" என்று எழுதினால் அடித்துத் திருத்தச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.